வீட்டுப் பட்டறையில் புதிய மெட்டல் பேண்ட்சா: வெட்டு சாய்கிறது, பிளேடு கழல்கிறது

கேள்வி:

வணக்கம். வீட்டின் பின்புறம் இருக்கும் என் சிறு பட்டறைக்காக, பிளேடு பூட்டிய இயந்திரக் கை கீழிறங்கி அறுக்கும் வகையைச் சேர்ந்த நாலுக்கு ஆறு அங்குல பேண்ட்சா (இரண்டு வீல்களில் வளையமாக ஓடும் பிளேடால் அறுக்கும் இயந்திரம்) ஒன்றைச் சென்ற மாதம் வாங்கினேன். இதுவரை ஹாக்சாவிலும் கட்டிங் வீலிலுமே வேலை பார்த்து வந்தேன். அக்கம்பக்கத்தாருக்குத் தொந்தரவு இல்லாமல், தீப்பொறி பறக்காமல் அறுக்க வேண்டும் என்பதே இதை வாங்கக் காரணம். ஸ்டாண்டைப் பூட்டி, 50 மில்லிமீட்டர் சதுர எம்.எஸ். (மைல்ட் ஸ்டீல்) கம்பியை வெட்டிப் பார்த்தபோது, மேலிருந்து கீழே வருவதற்குள் வெட்டு ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் சாய்ந்துவிட்டது. பிளேடும் இரண்டு முறை வீலை விட்டுக் கழன்றது. விற்றவரிடம் கேட்டால், கைடை (பிளேடை இருபுறமும் தாங்கி நேராக ஓடவைக்கும் பேரிங் இணை) திருகிப் பாருங்கள் என்பதற்கு மேல் விளக்கம் கிடைக்கவில்லை. எதைத் திருகினால் எது மாறும் என்று தெரியாமல் கைவைக்கத் தயக்கமாக இருக்கிறது. எந்த வரிசையில் சரிசெய்வது என்று அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

முதல் பதில்:

வணக்கம் ஐயா. கைடில் கைவைக்கும் முன் வெட்டிய முகத்தை ஒருமுறை படிக்க வேண்டும். அதன்மேல் ஓர் இரும்பு ஸ்கேலை நிறுத்தி, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். ஸ்கேலுக்கு அடியில் ஒளி கசியாமல் முகம் தட்டையாக இருந்து, ஆனால் சாய்ந்திருந்தால், கோளாறு பொருத்தத்தில் உள்ளது. முகம் வளைந்து குழிந்திருந்தால், பிளேடு மழுங்கியிருக்கலாம், தொய்வாக இருக்கலாம், அல்லது அழுத்தம் மிகுதியாக இருக்கலாம். இந்த வேறுபாடு தெரியாமல் திருகினால் நாள் முழுவதும் வீணாகும்.

பிறகு பிளக்கைக் கழற்றிவிட்டு, இயந்திரக் கையின் நுனியைப் பிடித்து இடவலமாக ஆட்டிப் பாருங்கள். கீல் பகுதியில் ஆட்டம் இருந்தால் முதலில் அதை இறுக்க வேண்டும். அது ஆடும்வரை வேறு எந்த அளவும் நிலைக்காது. அடுத்து, கைடுகள் இரண்டையும் விலக்கி வைத்துவிட்டு, பிளேடை நன்றாக இறுக்கி, வீலைக் கையால் சுற்றுங்கள். பிளேடின் முதுகு வீலின் விளிம்பை ஒட்டி ஓட வேண்டுமே தவிர, அதன்மேல் உரசக் கூடாது. உரசினால் முதுகு நசுங்கி, நாளடைவில் விரிசல் விடும். விலகி ஓடினால் உங்களுக்கு நேர்ந்ததுபோலக் கழன்றுவிடும். மோட்டார் ஓட்டாத வீலின் சாய்வை மாற்றுவதற்கென்று திருகு இருக்கும். அதைச் சிறிது சிறிதாக மாற்றி, ஒவ்வொரு முறையும் சில சுற்றுகள் சுற்றிப் பாருங்கள்.

அது சரியான பின்னரே கைடுகளைக் கொண்டு வாருங்கள். ஒவ்வொரு இணையிலும் ஒரு பேரிங் எக்சென்ட்ரிக் போல்ட்டில் (மையம் விலகிய போல்ட்; திருப்பினால் பேரிங் பிளேடை நெருங்கும் அல்லது விலகும்) இருக்கும். பிளேடை நகர்த்தும்போது இரண்டு பேரிங்குகளும் சுழல வேண்டும். ஆனால் விரலால் பிடித்தால் நின்றுவிடும் அளவுக்கே தொடுகை இருக்க வேண்டும். இறுதியாக, கம்பி அமரும் படுகையில் மூலைமட்டத்தை நிறுத்தி, பற்களின் மீது படாமல் பிளேடின் பக்கவாட்டில் சேர்த்துப் பார்த்து, இடைவெளி மறையும்வரை கைடு பிராக்கெட்டைத் திருப்புங்கள். மேலிருந்து கீழான சாய்வு இதனால் போகும். இடமிருந்து வலமான சாய்வுக்குக் காரணம், கம்பியை இறுக்கிப் பிடிக்கும் வைஸின் நிலையான தாடை. அதைத் தனியாகப் பிளேடுக்குச் செங்குத்தாக்க வேண்டும்.

இரண்டாம் பதில்:

மேலே சொன்னது முற்றிலும் சரி. பிளேடைப் பற்றி மட்டும் சேர்க்கிறேன். இந்த அளவு இயந்திரத்துக்கு 64½ அங்குல நீளமும் அரை அங்குல அகலமும் உள்ள பிளேடு பொருந்தும். உடன் வந்தது கார்பன் ஸ்டீல் பிளேடு என்றால் அதைப் பழகுவதற்கு மட்டும் வைத்துக்கொண்டு, பைமெட்டல் பிளேடு (பல்முனைக்கு ஒன்று, முதுகுக்கு ஒன்று என இரு உலோகங்களால் ஆனது) வாங்குங்கள். என் அனுபவத்தில் இவ்வளவு பயன் தரும் மாற்றம் வேறில்லை. வெட்டப்படும் கனத்துக்குள் எப்போதும் குறைந்தது மூன்று பற்களாவது இருக்க வேண்டும். உங்கள் 50 மில்லிமீட்டர் கம்பிக்கு அங்குலத்துக்கு 6 முதல் 10 வரை மாறிவரும் பற்கள் போதும். மெல்லிய ஸ்கொயர் பைப்புக்கு அதே பிளேடைப் போட்டால் பல் உடையும்.

பெல்ட்டை மாற்றிக் கிடைக்கும் வேகங்கள் பெரும்பாலும் நிமிடத்துக்கு 80, 120, 200 அடியை ஒட்டியிருக்கும். எம்.எஸ்ஸுக்கு நடு வேகம், ஸ்டெயின்லெஸுக்குக் குறைந்தது, அலுமினியத்துக்கும் பித்தளைக்கும் உயர்ந்தது. புதிய பிளேடின் முதல் சில வெட்டுகளில் அழுத்தத்தைப் பாதியாகக் குறைத்து, பல்முனைகள் பதப்பட விடுங்கள். விழும் சிப்ஸைக் கவனியுங்கள்: சுருண்டு விழுந்தால் அழுத்தம் சரி, மாவாக விழுந்தால் போதாது, நீலம் பாய்ந்து விழுந்தால் மிகுதி.

கேட்டவர்:

மிக்க நன்றி. ஸ்கேல் வைத்துப் பார்த்தேன். முகம் தட்டையாகவே இருந்தது. இடப்பக்க கைடில் ஒரு பேரிங் பிளேடைத் தொடவே இல்லை, விரலால் சுற்றினால் தானாக ஓடிக்கொண்டிருந்தது. எல்லாவற்றையும் நீங்கள் சொன்ன வரிசையிலேயே செய்த பிறகு, அதே கம்பியில் சாய்வு 0.2 மில்லிமீட்டராகக் குறைந்துவிட்டது, பிளேடும் கழலவில்லை. ஆனால் 20 மில்லிமீட்டர் நீளமுள்ள துண்டுகளை வைஸ் பிடிக்க மறுக்கிறது, ஒரு பக்கமாகத் திரும்பிவிடுகிறது.

மூன்றாம் பதில்:

தாடையின் ஓரத்தில் மட்டும் துண்டு இருந்தால், நகரும் தாடை கோணலாகும். மறு ஓரத்தில் அதே கனமுள்ள துண்டு ஒன்றை வைத்து இறுக்குங்கள். அல்லது நகரும் தாடையின் மறுமுனையில் மரையடித்து ஒரு போல்ட்டைப் பொருத்தினால், எந்தக் கனத்துக்கும் அதைத் திருகித் தாங்கல் கொடுக்கலாம். கியர் பாக்ஸ் மூடியையும் ஒருமுறை திறந்து பாருங்கள். என்னுடையதில் வார்ப்பு மணல் கலந்த கிரீஸ் இருந்தது. மண்ணெண்ணெயால் துடைத்து, வெண்கல வார்ம் சக்கரத்துக்கு (திருகுபோன்ற தண்டால் சுழலும் பல்சக்கரம்) ஏற்றது என்று டப்பாவில் குறிப்பிட்டுள்ள எண்ணெயையே ஊற்றுங்கள். இயந்திரக் கை வேகமாக விழாமலிருக்கச் சிறு ஹைட்ராலிக் டேம்பர் பொருத்தினால் பற்களின் ஆயுள் கூடும். வேலை முடிந்ததும் பிளேடின் இறுக்கத்தைத் தளர்த்தி வையுங்கள்.