பிக் புளூஸ்டெம் புல்வெளிகளில் நீங்கள் கண்டவை

கான்சஸ்வாசி:
அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்து ஃபிளின்ட் ஹில்ஸ் குன்றுப் பகுதியில் ஏப்ரலில் மேய்ச்சல் நிலத்துக்குத் தீ வைப்பதை இங்குள்ள பலரும் பார்த்திருப்பீர்கள் என்பதால் அதை விவரிக்கவில்லை. எனக்கு மறக்க முடியாதது மறுநாள் காலை. பண்ணைக்காரர், கரிந்து கிடந்த ஒரு பிக் புளூஸ்டெம் (இங்கே உயரமாக வளரும் புல்) தூரை மண்வெட்டியால் பிளந்து காட்டினார். சாம்பலுக்குச் சற்றே கீழே வெளிறிய குருத்துகள் ஈரம் குன்றாமல் இருந்தன. முந்தைய மாலை என் முகம் தாங்காத அனல் அதே இடத்தின் மேல்தான் கடந்து போயிருந்தது. எரித்த நிலத்தில் மேயும் இளங்காளைகள் கூடுதலாக எடை போடுகின்றன என்பதால், இப்புல்வெளிக்குத் தீ ஆண்டுதோறும் தேவை என்றே கருதுகிறேன்.

நெப்ராஸ்காக்காரன்:
ஆண்டுதோறும் என்பதை ஏற்க முடியவில்லை. பிரெய்ரிக் கோழி என்பது இந்தப் புல்வெளிகளில் வாழும் காட்டுப் பறவை; அதன் சேவல்கள் விடியலில் ஒலியெழுப்பி ஆடும் திடல் ஒன்றுக்குச் சென்றிருந்தேன். சேவல்கள் ஆடின; ஆனால் கண்ணுக்கெட்டிய தூரம் வரை எரிந்திருந்ததால், ஒரு பெட்டை ஒதுங்குவதற்குப் பழம்புல் தூர் ஒன்றுகூட இன்றி அந்தக் கரிநிலத்தில் நடந்துகொண்டே இருந்தது. அவை முட்டையிடுவது சென்ற ஆண்டின் காய்ந்த புல் மறைவில். நிலத்தை மூன்றாகப் பிரித்து ஆண்டுக்கு ஒரு பங்கை மட்டும் எரித்தால், மாடுகள் தாமாகவே தளிரைத் தேடி அந்தப் பங்கில் மேயும். மற்ற இரண்டும் ஓங்கி நிற்கும். உயர்புல் பிரெய்ரி எனப்படும் இத்தகைய உயரமான புல் வளரும் இயற்கைப் புல்வெளியில் எஞ்சியிருப்பதே 4 விழுக்காட்டுக்கும் குறைவு. அதில் பெரும்பகுதி, சுண்ணாம்புப் பாறையும் சிக்கிமுக்கிக் கல்லும் ஏரை இறங்கவிடாததால் ஃபிளின்ட் ஹில்ஸில் தப்பியது. அந்தக் கோழிகள் வேறெங்கே போகும்?

குதிரைப் பிரியர்:
நான் எழுத வந்தது உலர்புல்லைப் பற்றி. தெரிந்தவர் ஒருவரின் குதிரைக்கு நெற்றியின் வெள்ளைப் பட்டையிலும் மூக்கிலும் மட்டும் தோல் வெந்து உரிந்திருந்தது. வெள்ளை முடிந்து செம்பழுப்பு தொடங்கிய கோட்டிலேயே புண்ணும் நின்றிருந்தது. தின்றது, பிக் புளூஸ்டெம்முடன் சேர்ந்து வளரும் ஸ்விட்ச்கிராஸ் என்னும் புல். அதிலுள்ள சபோனின்கள் என்னும் வேதிப்பொருள்கள் குதிரை, செம்மறி, வெள்ளாடு ஆகியவற்றின் கல்லீரலைக் கெடுக்கும்; பச்சையம் சிதைந்து உண்டாகும் பொருளை ஈரலால் வெளியேற்ற இயலாமல் போக, அது இரத்தத்தில் தங்கி, வெயில் படும் நிறமற்ற தோலைச் சுடுகிறது. இப்படிக் கண்டால் குதிரையை நிழலுக்குக் கொண்டுபோய், அந்தப் புல்லை உடனே நிறுத்திக் கால்நடை மருத்துவரை அழையுங்கள். உலர்புல் வாங்குமுன் கட்டைப் பிரித்துப் பாருங்கள்: இலை தண்டைவிட்டுப் பிரியும் இடத்தில் அடர்ந்த மயிர்க்கற்றை இருந்தால் அது ஸ்விட்ச்கிராஸாக இருக்கக்கூடும். ஜூலை நடுவுக்குள் அறுத்ததா என்றும் கேளுங்கள். அதன்பின் தண்டு முற்றிப் புரதம் குறைந்துவிடும். நீங்களே அறுப்பவராக இருந்தால் 15 முதல் 20 செ.மீ. தாள் விட்டு அறுங்கள், இல்லையெனில் தூர் மெலியும். ஸ்விட்ச்கிராஸ் கட்டுகளை ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் அவற்றை மாட்டுக்குப் போடலாம்.