குளுக்கோஸ் இருந்தும் மைட்டோகாண்ட்ரியா ஏன் சோர்ந்துபோகிறது?

கேள்வி: ஆய்வு மாணவி

வணக்கம். பாஃப்3 செல்களை வளர்த்து வருகிறேன். சுண்டெலியின் ரத்தச் செல் வகை. இன்டர்லூக்கின்-3 என்ற வளர்ச்சிக் காரணிப் புரதம் இல்லாமல் பிழைக்காது. அந்தக் காரணியைக் கழுவி நீக்கிவிட்டு, 10% சீரம் கலந்த அதே ஆர்பிஎம்ஐ வளர்ப்பு ஊடகத்தில் விட்டேன். லிட்டருக்கு 2 கிராம் குளுக்கோஸ் அப்படியே இருக்கிறது. ஆனாலும் மைட்டோகாண்ட்ரியாவின் மின்னழுத்தத்தைக் காட்டும் டிஎம்ஆர்எம் சாயத்தின் ஒளி மங்குகிறது, பிறகு செல்கள் இறக்கின்றன. செல்லின் மேற்சவ்வில் வந்து ஒட்டும் இந்தப் புரதம் உள்ளே இருக்கும் மைட்டோகாண்ட்ரியாவை எப்படி ஆட்டிவைக்கிறது? "அப்போப்டோசிஸ்தான் (செல் தன்னையே திட்டமிட்டு அழித்துக்கொள்வது), வேறென்ன" என்கிறார் வழிகாட்டி. எனக்கு அந்தப் பதில் போதவில்லை.

மறுமொழி: செல் வளர்ப்புக்காரர்

போதாதுதான் அம்மா, விடாதீர்கள். செல்லின் மரணம் இந்தக் கதையின் பிற்பாதி மட்டுமே.

அந்தப் பிற்பாதி நன்றாகத் தெரிந்தது. காரணி இருக்கும்வரை பேட் என்ற புரதத்தில் பாஸ்பேட் ஏறியிருக்கும். 14-3-3 புரதம் அதைப் பிடித்து வைத்திருக்கும். 1996-இல் ஸ்டான்லி கோர்ஸ்மையரின் குழு இதை இன்டர்லூக்கின்-3 கொண்டே காட்டியது. பாஸ்பேட் ஏற்றும் வேலையை ஏகேடி என்ற நொதி செய்கிறது என்பது அடுத்த ஆண்டு தெரிந்தது. காரணி போனதும் பேட் விடுபட்டு, மைட்டோகாண்ட்ரியாவின் காவல் புரதமான பிசிஎல்-எக்ஸ்எல்லைப் பிடித்துக்கொள்ளும். பேக்ஸ், பேக் என்ற புரதங்கள் மைட்டோகாண்ட்ரியாவின் வெளிச்சவ்வைத் துளைக்க, சைட்டோகுரோம் சி என்ற புரதம் வெளியேறி மரணத்தைத் தொடங்கிவைக்கும்.

முற்பாதிதான் என்னை இன்றும் வியக்க வைக்கிறது. காரணி இல்லாத செல், குளுக்கோஸில் மிதந்தபடியே பட்டினி கிடக்கிறது. குளுக்கோஸை உள்ளே கொண்டுவரும் குளுட்1 கடத்தி குறைகிறது, அதைப் பயன்படுத்தத் தொடங்கும் ஹெக்சோகைனேஸ் நொதி குறைகிறது, மைட்டோகாண்ட்ரியாவுக்கு எரிபொருள் வருவதில்லை. இலை நிறையப் பரிமாறியிருந்தும் கை நீட்டத் திராணியில்லாதவன் நிலை அது.

இதற்குச் சான்று 2005-இல் கிரேக் தாம்சனின் குழு செய்த சோதனை. பேக்ஸ், பேக் இரண்டும் இல்லாத செல்களில் இன்டர்லூக்கின்-3-ஐ நிறுத்தினார்கள். அப்போப்டோசிஸுக்கு வழியே இல்லை. செல்கள் தம் உள்ளுறுப்புகளையே தின்று, சுருங்கிச் சுருங்கி வாரக்கணக்கில் உயிர் பிழைத்தன. காரணியைத் திருப்பித் தந்ததும் மீண்டன. இந்தத் தன்னுண்ணலையும் தடுத்தபோது செல்கள் இறந்தன. ஆனால் சவ்வைத் தானே கடந்து மைட்டோகாண்ட்ரியாவுக்கு எரிபொருளாகும் மெத்தில் பைருவேட்டைக் கொடுத்தால் அந்த மரணம் தள்ளிப்போனது. மைட்டோகாண்ட்ரியா பழுதாகவில்லை, அதற்குத் தீனி வரவில்லை என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

மறுமொழி: நுண்ணோக்கி அறை

மேலே சொன்னதோடு உடன்படுகிறேன். உற்பத்திப் பக்கமும் உண்டு: செல்லின் வளர்ச்சியை ஒழுங்குபடுத்தும் எம்டோர் நொதி வழியாக மைட்டோகாண்ட்ரியாவுக்கான புரதங்களின் தயாரிப்பை வளர்ச்சிக் காரணிகள் கூட்டுகின்றன.

சோதனைக்கு வருவோம். செல் சுருங்கினாலும், செல்லின் மேற்சவ்வின் மின்னழுத்தம் மாறினாலும் டிஎம்ஆர்எம் ஒளி மாறும். ஒவ்வொரு முறையும், மைட்டோகாண்ட்ரியாவின் மின்னழுத்தத்தை அழித்துவிடும் எஃப்சிசிபி சேர்த்த குழாய் ஒன்று கூடவே இருக்கட்டும். அப்போப்டோசிஸை நடத்தும் காஸ்பேஸ் நொதிகளைத் தடுக்கும் இசட்-விஏடி-யுடனும் ஒரு வரிசை ஓட்டுங்கள். அதிலும் ஒளி மங்கினால், அதைக் காஸ்பேஸ் தலையில் கட்ட முடியாது.

பிறகு, ஏடிபி (செல்லின் ஆற்றல் நாணயம்) செய்யும் ஏடிபி சின்தேஸ் நொதியைத் தடுக்கும் ஒலிகோமைசினைச் சேர்த்துவிட்டுப் பாருங்கள். ஒளி கூடினால் ஏடிபி சின்தேஸ் முறையாக ஏடிபி செய்துகொண்டிருந்தது என்று பொருள். சட்டென்று விழுந்தால், அது தலைகீழாகச் சுழன்று, இருக்கிற ஏடிபியைச் செலவழித்து மின்னழுத்தத்தைத் தாங்கிக்கொண்டிருந்தது.

ஆய்வு மாணவி

இருவருக்கும் நன்றி ஐயா. மெத்தில் பைருவேட்டும் இசட்-விஏடியும் சேர்த்து முதல் 12 மணி நேரத்தை அளக்கப்போகிறேன். பேக்ஸ், பேக் இல்லாத செல்களை யாரிடம் கேட்கலாம்?