ரோபோ குறுக்கே பேசுகிறது: உங்கள் அனுபவம் தேவை

நாவோ (Nao) என்ற சிறிய மனித உருவ ரோபோவைத் தமிழில் உரையாட வைக்கிறோம். 700 மில்லி விநாடி மௌனம் வந்தால் பேச்சு முடிந்தது என்று கணக்கு. பெரியவர்கள் "அது வந்து..." என்று இழுத்து யோசிக்கும்போது ரோபோ இடையில் புகுந்துவிடுகிறது. எல்லையை 1200 ஆக்கினால், கேட்கவில்லையோ என்று அவர்கள் திரும்பச் சொல்ல, இரண்டு குரலும் மோதுகின்றன.

மனிதர்களுக்குள் ஒருவர் முடித்து மற்றவர் தொடங்கும் இடைவெளி ஏறத்தாழ 200 மில்லி விநாடிதான். காரணம், நாம் மௌனத்துக்குக் காத்திருப்பதில்லை, வாக்கியம் எங்கே முடியும் என்று முன்பே ஊகித்துவிடுகிறோம். தமிழில் வினைமுற்று கடைசியில் வருவது பெரிய உதவி. அதனால் "போயி", "வந்து" என்று எச்சத்தில் நின்றால் 1500 வரை பொறு, "போனேன்" என்றால் 400-இல் பேசு என்று விதி எழுதினோம். "எனக்கு ஒரு காபி" போல வினையே இல்லாத பேச்சில் அது உடைகிறது. அங்கே சுருதி இறங்குவதை வைத்து முடிவைக் கண்டுபிடித்தவர்கள் உண்டா? எந்த அளவு இறக்கத்தை எல்லையாக வைத்தீர்கள்?

இன்னொன்று, "கேட்டுக்கிட்டிருக்கேன்" என்பதற்கான தலையசைப்பு. நாவோவின் தலை பக்கவாட்டில் திரும்பும், மேலும் கீழும் அசையும். தோள் பக்கம் சாயாது. நம் ஊர் ஆமோதிப்புக்கு அந்தச் சாய்வுதான் உயிர். வெறுமனே திருப்பினால் "இல்லை" என்றாகிவிடும். "ம்" சொல்ல வைத்தால் அதன் மைக்கே அதைப் பேச்சாக எடுத்துக்கொள்கிறது. கண் விளக்கு, கை அசைவு என்று வேறு வழியில் இதைச் சமாளித்தவர்கள் தயவுசெய்து எழுதுங்கள்.