குடிப்பெயரா, வழிப்பெயரா?

அன்புடையீர், வணக்கம்.

தந்தையிடமிருந்து பிள்ளைக்கும், பிள்ளையிடமிருந்து பேரனுக்கும் மாறாமல் இறங்கிவரும் பெயருக்கு (ஆங்கிலத்தில் 'சர்நேம்') தமிழில் நிலையான ஒரு சொல் வேண்டும் என்று கேட்ட ஐயாவுக்கு நன்றி. மூன்று நாள்களாக இதே நினைவாக இருக்கிறேன்.

'கடைசிப் பெயர்' வேண்டாம். ஹங்கேரியரும் சீனரும் ஜப்பானியரும் கொரியரும் அதை முதலில் அல்லவா எழுதுகிறார்கள்? 'குலப்பெயர்' சாதிப் பேச்சுக்கு இழுத்துச் செல்லும். 'மரபுப்பெயர்' என்றால் பள்ளியில் படித்த கன்று, குட்டி, குருளைதான் நினைவுக்கு வரும். 'குடும்பப் பெயர்' படிவங்களுக்குப் போதும், அது அங்கேயே இருக்கட்டும். ஆனால் மக்கள் பெயர்களின் வரலாற்றை ஆராயும் பெயராய்வில் அது இடறுகிறது. ஐஸ்லாந்தில் யோன் என்பவரின் மகன் யோன்சன், மகள் யோன்ஸ்டோட்டிர். யோன்சனின் பிள்ளைகளுக்கு அந்தப் பெயர் போவதில்லை. அவர்கள் பெரும்பாலும் அவருடைய இயற்பெயரை ஒட்டிக்கொள்வார்கள். ஒரே வீட்டில் தாய், தந்தை, மகன், மகள் நால்வருக்கும் நான்கு பெயர்கள் அமையலாம். இதைத் 'தந்தைப்பெயர்' என்று தனியே பிரித்துவிட வேண்டும்.

ஐயாவின் கேள்விக்கு விடையாக அம்மையார் ஒருவர் முன்வைத்த 'குடிப்பெயர்' என்ற சொல்லின் மீது எனக்கும் ஆசை இருந்தது. "நிலப்பெயர் குடிப்பெயர் குழுவின் பெயரே" என்று தொல்காப்பியப் பெயரியலிலேயே அது நிற்கிறது. உரைகாரர்கள் மலையமான், சேரமான் என்று காட்டும் எடுத்துக்காட்டுகளும் பொருந்துகின்றன. இத்தனை பழைய சொல் கையில் இருக்கும்போது புதிதாக ஒன்றைத் தேடுவானேன் என்றுதான் நினைத்தேன். பிறகு ஒரு கட்டுரைக்காக, 'குடிபெயர்ந்தவர்களின் குடிப்பெயர்கள் குடிபெயர்ந்த நாட்டில் எப்படித் திரிந்தன' என்று எழுதிப் பார்த்தேன். ஒரு 'ப்' மட்டுமே வேறுபாடு. நாடுவிட்டு நாடு போனவர்களைப் பற்றியும் அடிக்கடி பேசும் துறையில் இந்தக் குழப்பம் தீராது.

அதைவிடப் பெரிய தடை ஒன்று உண்டு. பிலிப்பைன்ஸில் 1849இல் ஸ்பானிய ஆளுநர் கிளவேரியா ஓர் ஆணையிட்டார். அகரவரிசையில் தொகுத்த பெயர்ப் பட்டியலை ஊர்களுக்குப் பகிர்ந்து அனுப்பி, அதிலிருந்து குடும்பங்கள் பெயர் எடுத்துக்கொள்ள வேண்டும் என்றார். சில ஊர்களில் பெரும்பாலோர் பெயர் இன்றும் ஒரே எழுத்தில் தொடங்குவது அதனால்தான். ஜப்பானில் 1875இலும், தாய்லாந்தில் 1913இலும், துருக்கியில் 1934இலும் இத்தகைய பெயர் வைத்துக்கொள்வது எல்லாருக்கும் சட்டப்படி கட்டாயமானது. பட்டியலில் இருந்து எடுத்த பெயரைக் 'குடிப்பெயர்' என்றால், அதற்கு இல்லாத பழைய குடி வரலாற்றை நாமே சூட்டியதாகிவிடும். அது பிழையான கலைச்சொல்.

ஆகவே என் பரிந்துரை: வழிப்பெயர்.

முதல்நூலைப் பின்பற்றி வருவது வழிநூல். ஒருவருக்குப் பின் வருபவர் வழித்தோன்றல். பெயர் எங்கே பிறந்தது என்பதில் இந்தச் சொல் தலையிடாது, பின்வருவோருக்கு இறங்குகிறது என்பதை மட்டும் சொல்லும். இயற்பெயர், வழிப்பெயர் என்ற இணையும் காதுக்கு இதமாக இருக்கிறது.

தோற்றத்தைக் குறிக்கத் தொல்காப்பியச் சொற்களை அடைமொழியாக்கலாம்: நில வழிப்பெயர் (ஊரால், நிலத்தால் வந்தது), வினை வழிப்பெயர் (செய்த தொழிலால் வந்தது). 'தொழிற்பெயர்' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்; இலக்கணத்தில் அது நடத்தல், உண்ணல். ஆங்கில ஸ்மித், ஜெர்மானிய ஷ்மிட், பிரெஞ்சு லெஃபெவ்ர், இத்தாலிய ஃபெர்ராரி, ஹங்கேரியக் கோவாச், அரபு ஹத்தாத் எல்லாமே கொல்லரைக் குறித்த வினை வழிப்பெயர்கள். உலை அணைந்து எத்தனையோ தலைமுறைகள் ஆகியும் பெயர் அணையவில்லை.

எனக்கு மிகவும் நெருக்கமானது பாக்ஸ்டர் என்ற பெயர். பழைய ஆங்கிலத்தில் 'ஸ்டர்' பெண்பால் விகுதி. பாக்ஸ்டர் என்றால் ரொட்டி சுடுபவள். வெப்ஸ்டர் என்றால் நெய்பவள். பின்னாளில் அந்த விகுதி ஆண்களுக்கும் வழங்கியது உண்மைதான். ஆனாலும் தந்தைவழியாகவே இறங்கிவந்த ஒரு பெயருக்குள் அடுப்பருகே நின்ற பெண்ணின் தடம் ஒரு விகுதியாக ஒளிந்திருக்கிறது என்பதை அறிந்த நாளில் எனக்கு மெய்சிலிர்த்தது. இத்தகைய செய்திகளைத் தமிழில் எழுத வேண்டும் என்பதற்காகத்தான் சொல்லுக்கு இவ்வளவு அலைகிறேன்.

ஒன்று மட்டும் உங்கள் முடிவுக்கு. ஸ்பானியர்கள் தந்தை பக்கம் ஒன்றும் தாய் பக்கம் ஒன்றுமாக இரண்டு வழிப்பெயர்கள் வைத்துக்கொள்கிறார்கள். 'தந்தை வழிப்பெயர்' என்று எழுதினால், 'தந்தைவழிப் பெயர்' என்று பிரித்துப் படித்து, மேலே சொன்ன தந்தைப்பெயரோடு குழப்பிக்கொள்ளவும் இடமிருக்கிறது. அங்கே 'தந்தையர் வழிப்பெயர், தாயர் வழிப்பெயர்' என்று எழுதலாமா, அல்லது இடைவெளியை மட்டும் நம்பலாமா? இலக்கணம் அறிந்தவர்கள் சொன்னால் ஏற்றுக்கொள்கிறேன்.