பிரிட்டனில் லிமிடெட் கம்பெனி பதிவாகிவிட்டது, ஆனால் பணம் அனுப்ப வழியில்லை: உதவி தேவை

பின்னல்_திருப்பூர்:

வணக்கம். திருப்பூரில் 22 மெஷின் வைத்து பனியன் கம்பெனி நடத்துகிறேன். புரொப்ரைட்டர்ஷிப்தான். இத்தனை வருடமும் ஜாப் ஒர்க். 2025 ஜூலையில் இந்தியா பிரிட்டன் ஒப்பந்தம் கையெழுத்தானதும், குழந்தைகள் உடுப்பில் சொந்த பிராண்டு போட்டு அங்கே ஆன்லைனில் விற்கலாம் என்று தைரியம் வந்தது. செப்டம்பரில் ஒரு ஏஜெண்ட் மூலமாக அங்கே கம்பெனி பதிவு செய்தேன். ஒரு பவுண்ட் வீதம் 100 ஷேர், எல்லாம் என் பெயரில். டைரக்டரும் நான்தான். ஏஜெண்ட் கட்டணத்தை கிரெடிட் கார்டில் கட்டினேன். இரண்டே நாளில் சர்டிபிகேட் வந்தது, பிரிண்ட் எடுத்து சாமி படத்துக்கு முன்னால் வைத்தோம்.

அதற்குப் பிறகு ஒன்றும் நகரவில்லை. ஷேர் பணமும் செலவுக்கும் சேர்த்து 5,000 பவுண்ட் அனுப்ப வங்கிக்குப் போனால், "கம்பெனி எப்போது பதிவானது? ஃபார்ம் எஃப்.சி. எங்கே?" என்று கேட்டு நிறுத்திவிட்டார்கள். ஏஜெண்ட் அப்படி ஒரு ஃபார்ம் பற்றிச் சொல்லவே இல்லை. இப்போது அடையாளச் சரிபார்ப்பு வேண்டும் என்று மெயில் வருகிறது, ஆப் என் பாஸ்போர்ட்டை எடுக்க மாட்டேன் என்கிறது. 3,000 பீஸ் செக்கிங் முடிந்து பேக்கிங்கில் இருக்கிறது. நான் சட்டத்தை மீறிவிட்டேனா? தூக்கமே வரவில்லை.

ஈரோடு_ஆடிட்_ஆபீஸ்:

முதலில் பதறாதீங்க தம்பி. இது சரிசெய்யக்கூடிய தவறுதான். எங்கள் ஆபீசுக்கு இதே கதையோடு வருகிறவர்கள் நிறையப் பேர்.

வெளிநாட்டில் கம்பெனி தொடங்குவது பணம் அனுப்பும் நாளில் ஆரம்பிக்கிறது என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். ஃபெமா என்கிற அந்நியச் செலாவணிச் சட்டப்படி அப்படி இல்லை. 2022 ஆகஸ்ட் 22-ல் வந்த வெளிநாட்டு முதலீட்டு விதிகளில், மெமோரண்டத்தில் (கம்பெனியைத் தொடங்கும் பத்திரம்) ஷேர் எடுப்பதாகக் கையெழுத்துப் போட்டாலே அது நேரடி முதலீடு. பணம் அனுப்புவது, முதலீட்டுக்கு ஒப்புக்கொள்வது, இதில் எது முந்தியோ அப்போதே வங்கி மூலமாக ஃபார்ம் எஃப்.சி. கொடுத்திருக்க வேண்டும். ரிசர்வ் வங்கி அந்தக் கம்பெனிக்கு ஒரு தனி எண் கொடுக்கும். உங்களுக்கு அந்த வேலை செப்டம்பரிலேயே இருந்திருக்கிறது. வங்கி கேட்டது சரியான கேள்விதான்.

தாமதத்துக்கு அபராதக் கட்டணம் கட்டி முறைப்படுத்திக்கொள்ளலாம். 7,500 ரூபாய், அதோடு சம்பந்தப்பட்ட தொகையில் வருடத்துக்கு 0.025 சதவீதம். நீங்கள் எடுத்தது 100 பவுண்ட், அதாவது ஏறத்தாழ பன்னிரண்டாயிரம் ரூபாய். அதற்கு அந்தச் சதவீதம் மூன்று ரூபாய்கூட வராது. ஆக 7,500 சொச்சம். சர்டிபிகேட், மெமோரண்டம், பான், தாமதத்துக்கு ஒரு விளக்கக் கடிதம் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு உங்கள் கிளைக்குப் போகாமல், அதே வங்கியின் ஃபாரெக்ஸ் கிளைக்கு நேரே போங்க. சாதாரணக் கிளையில் இந்த ஃபார்மை வருடத்துக்கு ஒருமுறை பார்த்திருந்தாலே அதிகம்.

இன்னொன்று, இதைக் கவனமாகப் படிங்க. மீதி 4,900 பவுண்டை கம்பெனிக்குக் கடனாக அனுப்பலாம் என்று யாராவது சொல்வார்கள். தனிநபருக்கு அந்த வழி கிடையாது, ஷேராகத்தான் போட வேண்டும். அங்கே புதிய ஷேர் ஒதுக்கி, ஒரு மாதத்துக்குள் கம்பெனீஸ் ஹவுஸில், அதாவது அங்குள்ள கம்பெனிப் பதிவு அலுவலகத்தில், தெரிவிக்க வேண்டும். தொகை, தனிநபர் வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும் எல்.ஆர்.எஸ். திட்டத்தின் வரம்பான வருடம் 2,50,000 டாலருக்குள் கணக்காகும். 10 லட்சத்துக்குக் கீழே இருப்பதால் பணம் அனுப்பும்போதே வங்கி வசூலிக்கும் வரியான டி.சி.எஸ். பிடிக்க மாட்டார்கள்.

பின்னல்_திருப்பூர்:

அண்ணா, படித்ததும்தான் மூச்சு வந்தது. வருமான வரி ரிட்டர்னில் ஏதாவது மாற்ற வேண்டுமா? நான் வழக்கமாக ஐ.டி.ஆர்.-4 போடுகிறவன்.

ஈரோடு_ஆடிட்_ஆபீஸ்:

கேட்டது நல்லதாயிற்று. வெளிநாட்டுச் சொத்து இருந்தால் ஐ.டி.ஆர்.-4 போட முடியாது. ஐ.டி.ஆர்.-3 எடுத்து, வெளிநாட்டுச் சொத்து அட்டவணையில் இந்த ஷேரைக் காட்டணும். அந்த அட்டவணை காலண்டர் வருடக் கணக்கு, டிசம்பர் 31-ல் முடிகிற வருடம். 2025-ல் ஷேர் எடுத்துவிட்டதால் அந்த வருடத்துக்கே காட்டணும். பணம் போகவில்லையே என்று விட்டுவிடாதீங்க.

அப்புறம், வருடா வருடம் டிசம்பர் 31-க்குள் வங்கி வழியாகக் கம்பெனியின் செயல்பாட்டு அறிக்கை. பிரிட்டனில் சின்னக் கம்பெனிக்கு ஆடிட் கட்டாயமில்லை. ஆனால் கம்பெனி முழுக்க உங்கள் கட்டுப்பாட்டில் இருப்பதால், நம் விதிப்படி இந்த அறிக்கைக்கு ஆடிட் செய்த கணக்கு வேண்டும். அங்கே ஆடிட் கட்டணம் குறைவில்லை. பட்ஜெட்டில் இப்போதே ஒதுக்கி வையுங்க.

லெஸ்டர்_கோயமுத்தூர்க்காரன்:

நானும் நம்ம பக்கம்தான், பீளமேடு. பாஸ்போர்ட் விஷயம் நான் சொல்கிறேன். அந்த ஆப் சிப் உள்ள பாஸ்போர்ட்டைத்தான் படிக்கும். அட்டையில் கீழே தங்க நிறத்தில் ஒரு சின்னச் சதுர அடையாளம் இருந்தால் சிப் உண்டு. நம் பழைய பாஸ்போர்ட்டுகளில் அது இல்லை. போனை மாற்றிப் பார்த்து நாளைக் கடத்த வேண்டாம். கம்பெனீஸ் ஹவுஸில் பதிவு பெற்ற சேவை நிறுவனங்கள் உங்கள் ஆவணங்களைப் பார்த்துச் சரிபார்த்துக் கொடுப்பார்கள், அதற்குத் தனிக் கட்டணம். 2025 நவம்பர் 18-லிருந்து இது கட்டாயம். அதற்கு முன்பே பதிவானவர் என்பதால், டைரக்டர் என்ற முறையில் உங்களுக்கு அடுத்த கன்ஃபர்மேஷன் ஸ்டேட்மெண்ட் (கம்பெனி விவரங்களை வருடா வருடம் உறுதி செய்யும் அறிக்கை) வரை நேரம் இருக்கிறது.

பதிவு முகவரி யாருடையது? ஏஜெண்டுடையதா?

பின்னல்_திருப்பூர்:

ஆமாங்க, ஒரு வருடத்துக்கு அவர்களுடையது.

லெஸ்டர்_கோயமுத்தூர்க்காரன்:

அப்படியானால் அவர்களிடம் இன்றே கேளுங்க. கம்பெனி பதிவான சில நாளில் பிரிட்டன் வரித்துறையிலிருந்து பத்து இலக்க வரி எண் தபாலில் அந்த முகவரிக்கு வந்திருக்கும். ஆன்லைனில் திருத்தம் செய்யத் தேவையான ரகசியக் குறியீடும் தபாலில்தான் வரும். இரண்டும் உங்கள் கையில் இருக்க வேண்டும். வருடம் முடிந்ததும் முகவரியைப் புதுப்பிக்காமல் விட்டால், பதிவாளரே முகவரியை மாற்றிவிடுவார், பிறகு கம்பெனியையே நீக்கும் வரை போகும்.

கரூர்_ஹோம்_டெக்ஸ்:

இரண்டு வருடமாக அங்கே விற்கிறேன், வாட் (மதிப்புக் கூட்டு வரி) பற்றி மட்டும் சொல்கிறேன். 90,000 பவுண்ட் வரை வாட் பதிவு வேண்டாம் என்று ஏஜெண்ட் சொல்லியிருப்பார். அது அங்கே உண்மையாகவே ஆள், இடம் வைத்து நடத்துகிறவர்களுக்கு. வாடகை முகவரி மட்டும் இருந்து எல்லாம் திருப்பூரிலிருந்து நடந்தால், உங்களை வெளிநாட்டு விற்பனையாளராகத்தான் பார்ப்பார்கள். முதல் விற்பனையிலிருந்தே கேள்வி வரும். நான் இதைத் தெரிந்துகொண்டது சரக்கு அங்கே குடோனில் இறங்கிய பிறகு. விற்பனைத் தளத்தில் கணக்கை நிறுத்தி வைத்தார்கள், இரண்டு மாத குடோன் வாடகை கையிலிருந்து போனது.

உங்களுக்கு ஒரு நல்ல விஷயம் இருக்கிறது. 14 வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளுக்கான அளவு உடுப்புக்கு அங்கே வாட் பூஜ்யம், பெரியவர்கள் உடுப்புக்கு 20 சதவீதம். பூஜ்யம் என்றாலும் அது வரிக்குட்பட்ட விற்பனைதான். அதனால் ஒன்று பதிவு செய்யணும், இல்லை என்றால் எல்லாமே பூஜ்ய வரி என்று சொல்லி விலக்கு கேட்டு எழுதணும். சைஸ் லேபிளும் லிஸ்டிங்கில் வரிக் குறியீடும் ஒத்துப்போகிறதா பாருங்க.

3,000 பீஸையும் ஒரே தடவை கப்பலில் ஏற்ற வேண்டாம். வரி எண், சுங்கத்துறைக்கான இ.ஓ.ஆர்.ஐ. எண், வங்கி வேலை மூன்றும் முடிந்த பிறகு 300 பீஸ் அனுப்பிப் பாருங்க.

பின்னல்_திருப்பூர்:

எல்லோருக்கும் நன்றிங்க. நேற்று கோவையிலுள்ள ஃபாரெக்ஸ் கிளைக்கே போனேன். விளக்கக் கடிதத்தோடு ஃபார்ம் எஃப்.சி. வாங்கிக்கொண்டார்கள், தாமதக் கட்டணம் கட்டச் சொல்லியிருக்கிறார்கள். தனி எண் வந்த பிறகுதான் பணம் போகும். ஏஜெண்டிடம் கேட்டதில் வரி எண் கடிதம் நவம்பரிலிருந்தே அவர்கள் மேசையில் கிடந்திருக்கிறது, ஸ்கேன் அனுப்பிவிட்டார்கள். 300 பீஸைத் தனியாகப் பிரித்து லேபிள் சைஸ் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.