பினாங்குக்குப் போனாலும் கொழும்பு வேலையைத் தொடரலாமா?

உவர்மலை வாசி:
கொழும்பு நிறுவனம் ஒன்றுக்கு நான்கு வருடமாக, திருகோணமலை உவர்மலையில் உள்ள வீட்டிலிருந்தே மென்பொருள் எழுதிக் கொடுக்கிறேன். மனைவியின் அக்கா குடும்பம் பினாங்கில் இருப்பதால், இரண்டு வருடம் அங்கே தங்கி இதே வேலையைத் தொடரலாம் என்று எண்ணுகிறோம். இணையவழியே தொலைவிலிருந்து வேலை செய்யும் வெளிநாட்டினர் தங்குவதற்கு மலேசியா 2022 முதல் வழங்கும் 'டிஈ ரந்தாவ்' அனுமதி ஓராண்டு வரை கிடைக்கும். மேலும் ஓராண்டு புதுப்பிக்கலாம். மனைவி பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ளலாம். கொழும்பில் காலை 9 மணி என்றால் அங்கே 11.30 என்பதால் வேலை நேரமும் ஒத்துவரும். நிறுவனத்துக்குச் சொல்லாமலே போய்விடும்படி நண்பர்கள் சொல்கிறார்கள். உங்கள் கருத்து என்ன?

பாலையூற்று:
தம்பி, போக வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சொல்லாமல் போக வேண்டாம். நான் அப்படித்தான் சென்னைக்குப் போய், இருக்கும் நாட்டை மறைக்கும் விபிஎன் மென்பொருளைப் போட்டுக்கொண்டு மூன்று மாதம் வேலை செய்தேன். ஒரு காலையில் மடிக்கணினியைத் திறந்தபோது கடவுச்சொல் ஏற்கப்படவில்லை. மத்தியானம் அழைத்த மேலாளர் கேட்ட முதற் கேள்வியே "இப்போது எந்த நாட்டில் இருக்கிறீர்கள்?" என்பதுதான். வாடிக்கையாளரின் தரவை நாட்டுக்கு வெளியே திறக்கக் கூடாது என்று ஒப்பந்தத்தில் இருந்ததை நான் வாசித்திருக்கவில்லை. அந்த வேலை போய்விட்டது.

வரியையும் யோசியுங்கள். சம்பளம் எந்த வங்கியில் விழுகிறது என்பதைவிட, வேலையை எங்கே இருந்து செய்கிறீர்கள் என்பதையே மலேசியச் சட்டம் முதலில் பார்க்கும். ஆண்டில் 182 நாட்கள் அங்கே இருந்தால் வரிக்கு நீங்கள் அந்நாட்டு வதிவாளர். இங்கே நிறுவனம் மாதாமாதம் வரி கழித்துக்கொண்டிருக்க, அங்கேயும் கணக்குக் காட்ட வேண்டி வரும்.

சீனக்குடா:
அண்ணா, உங்களுக்கு நேர்ந்தது மறைத்துப் போனதன் விளைவு. வெளிநாட்டிலிருந்து வேலை செய்ததன் விளைவு அல்ல. இலங்கைக்கும் மலேசியாவுக்கும் இடையே இரட்டை வரி தவிர்ப்பு உடன்படிக்கை இருக்கிறது. வரி ஆலோசகர் ஒருவரிடம் காசு கொடுத்துக் கேட்டால் தீரக்கூடிய சிக்கலுக்காகப் பயணத்தையே விட வேண்டுமா? திருகோணமலையில் இந்தத் துறையில் வேலை தேடினால் கிடைப்பவை சிலவே; மற்றவர்கள் இரவு ரயிலேறிக் கொழும்புக்குப் போய், சம்பளத்தில் பெரும் பங்கை அறை வாடகைக்குக் கொடுக்கிறார்கள். எங்கள் அப்பாமார் வளைகுடாவுக்குப் போனபோது இங்கிருந்த வேலையை விட்டுவிட்டே போனார்கள். வேலையையும் ஊழியர் சேமலாப நிதிக்கு நாம் செலுத்தும் 8 வீதத்தையும் முதலாளி செலுத்தும் 12 வீதத்தையும் இழக்காமல் போக வழியிருக்கும்போது, அதை ஏன் தடுக்க வேண்டும்?

பாலையூற்று:
ஊழியர் சேமலாப நிதி பற்றி நீங்கள் சொல்வதை ஏற்கிறேன், ஒப்பந்தம் கொழும்பு நிறுவனத்தோடு அப்படியே இருக்குமானால். ஆனால் தம்பியின் சம்பளம் ரூபாயில் வருகிறது, வீட்டு வாடகை ரிங்கிட்டில் போகப்போகிறது. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாயளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360 ஆனது. அந்த மாதங்களில் வெளிநாட்டில் இருந்துகொண்டு ரூபாயில் சம்பளம் வாங்கியிருந்தால், அரிசி வாங்கவே எண்ணிப் பார்த்திருப்போம். அந்த அனுமதிக்கே, தொழில்நுட்பத் துறையினருக்கு ஆண்டு வருமானம் 24,000 டொலர் கேட்கிறார்கள். டொலர் 300 ரூபாய் என்று வைத்தாலும் மாதம் 6 இலட்சம்.

உவர்மலை வாசி:
என் சம்பளம் அந்த எல்லையைச் சற்றே தாண்டுகிறது. ரூபாய் இறங்கினால் புதுப்பிக்கும்போது தாண்டாது என்பது இப்போதுதான் புரிகிறது. நாளை ஒப்பந்தத்தை முழுதாக வாசித்துவிட்டு மனிதவளப் பிரிவுக்கு எழுதுகிறேன்.

சீனக்குடா:
எழுதும்போது சம்பளத்தை டொலர் மதிப்போடு இணைக்க முடியுமா என்பதையும் அதே கடிதத்தில் கேளுங்கள், பதிலையும் எழுத்திலேயே வாங்குங்கள். அந்த ஒரு விடயத்தில் பாலையூற்று அண்ணா சொல்வதுதான் சரி.