குடும்ப வரலாற்றை இணையத்தில் எங்கே வைக்கலாம்?

எல்லாருக்கும் வணக்கம். எங்க குடும்பம் கன்னியாகுமரி மாவட்டம் தக்கலை பக்கம். அப்பா வழிப் பெயர்கள், பழைய பத்திரங்கள், ஆலய ஞானஸ்நானப் பதிவேட்டுப் படங்கள் எல்லாம் சேர்த்திருக்கிறேன். சித்தப்பா மக்கள் கல்ஃபில் இருந்து போனிலேயே பார்க்க வேண்டும் என்கிறார்கள்; அவர்கள் பார்க்க வேண்டும் என்பதுதான் என் ஆசையும்.

ஃபேமிலிசர்ச் என்ற குடும்ப வரலாற்றுத் தளம் இலவசம். ஆனால் அங்கே எல்லாருக்கும் ஒரே பொதுக் குடும்ப மரம், யாரும் திருத்தலாம். கிராம்ப்ஸ் என்ற மென்பொருள் நம்ம கணினியிலேயே இருக்கும். அதிலிருந்து கெட்காம் கோப்பாக (குடும்ப மர விவரங்களை மென்பொருள்களுக்கிடையே மாற்றும் பொது வடிவம்) எடுத்துக் கொடுக்கலாம், படங்களைத் தனியாக அனுப்ப வேண்டும்.

இன்னொரு சிக்கல் தேதி. 1956 நவம்பர் 1-க்கு முன் நாம் திருவிதாங்கூர் (1949 முதல் திருவிதாங்கூர்-கொச்சி). பத்திரத்தில் இருப்பது கொல்லம் ஆண்டு, அதாவது மலையாள நாட்காட்டி ஆண்டு. ஆவணி முதல் டிசம்பர் வரை 824, ஜனவரிக்குப் பிறகு 825 கூட்டினால் ஆங்கில ஆண்டு. மூலத்தில் உள்ளதையும் கூடவே வைக்கணும், இல்லையென்றால் பிறகு சரிபார்க்க வழியில்லை.

இரண்டு தேதியும் தமிழ்ப் பெயரும் ஒழுங்காக ஏறுகிற, உயிரோடு இருப்பவர்கள் விவரத்தை மறைக்கிற வசதி யாராவது பயன்படுத்துகிறீர்களா? பழைய மலையாளக் கையெழுத்து வாசிக்கத் தெரிந்தவர்கள் இருந்தாலும் சொல்லுங்கள்.